எழுபத்தேழு சென்டிமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு, ஹாலில் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே வந்து நிற்பான். நான் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போவேன். எழுந்து போவேன் என்று எழுதுவது சுலபம். வாரம் ஆறு நாள் தையல் மிஷினில் குனிந்தே கிடந்துவிட்டு, ஏழாம் நாள் கோயிலில் முழங்காலில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, நாற்காலியிலிருந்து எழுவதற்கே தனியாக ஒரு ஜெபம் வேண்டும். ஆனாலும் எழுவேன். மூச்சை வெளியே விட்டுவிட்டு நிற்கச் சொல்லி ஒரு அளவு, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு அளவு. அடுப்படியிலிருந்து அம்மா எவ்வளவு என்று கேட்பாள். நான் சொன்னதை, பங்குக் கோயில் காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்துவைப்பாள்.

பட்டாளத்தில் சேர மார்பு எழுபத்தேழு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்தாவது விரிய வேண்டும். உயரம் ஆண்டவர் கொடுத்துவிட்டார், அதில் குறையில்லை. எடை மட்டும் எல்லைக்கோட்டில் நின்று ஆட்டம் காட்டும். அதற்கு அவனைப் போலத் தயாராகிற பையன்கள் எல்லோரும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: நிறுக்கிற அன்று காலையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை விழுங்கிவிட்டு, மேலே ஒரு பாட்டில் தண்ணீர். மார்பைப் பற்றி எங்களுக்குக் கவலையே இருக்கவில்லை. என் டேப்பில் எழுபத்தொன்பது, இழுத்துப் பிடித்தால் எண்பத்தைந்து. காலண்டரில் வாரா வாரம் அதுதான் இருக்கும். அம்மாவுக்கு அந்த எண்ணைப் பார்ப்பதே ஒரு நிம்மதி.

அவனுக்கு ஓட்டம்தான் எமன். ஆயிரத்து அறுநூறு மீட்டர், நாலு சுற்று. மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொள்வான். அதற்காக விடிவதற்குள் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரைக்கும் ஓடிவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற வருவான். நான் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிற நேரமும் அவன் திரும்புகிற நேரமும் ஒன்றாக இருக்கும். குவார்ட்டர்ஸ் வாசலில் எதிரெதிரே கடந்துபோவோம். அவன் எத்தனை நிமிஷம் என்று மட்டும் சொல்வான், நான் தலையாட்டுவேன். வேறு பேச்சுக்கு இரண்டு பேருக்கும் தெம்பு இருக்காது.

நான் வேலை பார்ப்பது ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற ஃபேக்டரியில். அப்பாவும் அங்கேதான் தையல்காரராக இருந்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர். மெஷினில் உட்கார்ந்திருந்தபடியே ஒரு நாள் சாய்ந்தார், அவ்வளவுதான். அப்போது நான் காலேஜில் இரண்டாம் வருஷம், தம்பி ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தான். வாரிசு வேலை வீட்டில் ஒருவருக்குக் கிடைக்கும் என்றார்கள். பெரியப்பா கல்லறைத் தோட்டத்தில் மண் போட்ட கையோடு, அது ஆம்பளைப் பிள்ளைக்கு வர வேண்டிய வேலை, பையன் பெரியவனாகட்டும், அதுவரை எழுதிக் கேட்டு நிறுத்திவைக்கலாம் என்றார். பையன் பெரியவனாகும் வரை எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாடு யார் போடுவது என்பதை அவர் சொல்லவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். நான் போட்டேன். புத்தகத்தை மூடியவள்தான்.

தம்பி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் நானும் நாலு கேட்டிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அவன் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர், இவளுக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைத்திருந்தால் என்று ஆரம்பிப்பார்கள். என் கல்யாணப் பேச்சு வரும்போதும் அதே கதை, கொஞ்சம் வேறு மாதிரி. அதனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் பட்டாளத்தில் சேர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது நாட்டுக்காக இல்லை. நாலு வருஷ வேலைதானே என்று ஊரே உதட்டைப் பிதுக்கியபோதும் எனக்கு அது போதுமாக இருந்தது. அவன் வேலையை நான் தின்றுவிட்டேன் என்ற பேச்சு அன்றோடு முடியும். எனக்கு அலுத்துப்போயிருந்தது, முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டில் அக்கம்பக்கத்துக்குத் தைப்பேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம், பாடகர் குழு அங்கி, ஆண்கள் சட்டை. அப்பா உயிரோடு இருந்தபோது செய்ததுதான், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் கை பழகியிருந்தது. அளவெடுப்பதில் என்னைக் குறை சொன்னவர் கிடையாது. இறுக்கமாக இருக்கிறதென்று யாரும் என் சட்டையைத் திரும்பக் கொண்டுவந்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது தம்பி சென்னீர்குப்பம் பக்கத்தில் ஒரு காலி மைதானத்துக்குப் போக ஆரம்பித்தான். அங்கே ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இரண்டு வாரம் போயிருப்பான். ஒரு நாள் முகம் செத்துப்போய் வந்தான்.

“அக்கா, அவரு அளந்து பார்த்தாரு. எழுவத்தாறு தான் கீதுன்றாரு. ஓடறத கொஞ்சம் கொறச்சிட்டு தண்டால் எடுக்கச் சொல்றாரு, பார்ல தொங்கச் சொல்றாரு.”

அன்றைக்கு ஃபேக்டரியில் என் பீஸ் இரண்டை இன்ஸ்பெக்‌ஷனில் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்த எரிச்சல் வேறு. ட்யூப்லைட்டுக்குக் கீழே அவனை நிறுத்தி அப்போதே அளந்தேன். எழுபத்தொன்பது. டேப்பை அவன் கண்ணுக்கு நேராகக் காட்டினேன்.

“மிலிட்டரிக்காரங்களுக்கு சட்டை தைக்கிறவ நானா, அவரா? மார்பெல்லாம் போதும். நீ போய் ஓடற வழியைப் பாரு.”

அவன் டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சரி என்று சட்டையை மாட்டிக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து சென்னீர்குப்பம் போகவில்லை. தண்டாலும் எடுக்கவில்லை. அந்த நேரத்தையும் சேர்த்து ஓடினான். ஐந்து மாதத்தில் மூன்றாவது சுற்றில் விலா பிடிப்பது நின்றுபோனது. நான் சொன்னபடிதான் எல்லாம் நடக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

எழுத்துத் தேர்வில் பாஸானான். உடல் தகுதித் தேர்வுக்கு வேறொரு மாவட்டத்து மைதானத்துக்கு வரச் சொல்லி கடிதம் வந்தது. அவனுக்கு அதுதான் கடைசி. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது இருபத்தொன்று தாண்டிவிடும், விண்ணப்பமே போட முடியாது. முந்தின நாள் மத்தியானம் பையில் இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு கிளம்பினான். அம்மா வேளாங்கண்ணி எண்ணெயைத் தொட்டு அவன் நெற்றியில் சிலுவை போட்டாள். எண்ணெய் மார்பிலும் கொஞ்சம் வை என்று நான் கேலி செய்தேன். அவனும் சிரித்தான்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் ஃபேக்டரியில் ஃபோனை கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். அதனால் அன்றைக்கு முழுக்க எனக்கு எதுவும் தெரியாது. கை பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தது, வாய் பாட்டுக்கு ஜெபமாலை. ஷிஃப்ட் முடிந்து ஃபோனை வாங்கிப் பார்த்தால் காலையில் வந்த ஒரே ஒரு மெசேஜ்: ஓட்டத்தில் முதல் குரூப்பில் வந்துவிட்டான். கேட்டுக்கு வெளியே நின்றபடியே அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அதற்கப்புறம் ஏன் ஒன்றும் அனுப்பவில்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

நான் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் வந்தான். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்தான். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கிக் கீழே வைத்தான்.

“பள்ளம் தாண்டிட்டேன். பீம்ல தொங்கி பத்து எடுத்தேன். மார்பு அளக்கச் சொல்லோ எழுவத்தாறுன்னாங்கோ. இன்னொரு தபா அளங்கன்னேன். அளந்தாரு. எழுவத்தாறு தான்.”

எனக்கு வந்ததே கோபம். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து எழுந்திரு என்றேன். அளந்து காட்டுகிறேன், மேலே எழுதிப் போடுகிறேன், யார் அந்த ஆள் என்று கத்தினேன். அவன் எழுந்திருக்கவில்லை. உடு அக்கா என்று மட்டும் சொன்னான். சட்டையைக் கழற்றாமல் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மீதி வாழைப்பழம் பையிலேயே கறுத்துப்போய்க் கிடந்தது, மறுநாள் நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கேன்டீன் வரிசையில், கோயில் வாசலில், தண்ணீர் கேன் போடுகிறவரிடம்கூட. என் தம்பியை ஏமாற்றிவிட்டார்கள், டேப் பிடிக்கத் தெரியாத ஒருவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று. காலண்டரையே சாட்சிக்குக் காட்டினேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் முகம் பார்த்திராத அந்த மனிதரின் கை விளங்காமல் போகட்டும் என்று சபித்தேன். அம்மா என்னைவிட நல்லவள், அந்த ஆள் மனந்திரும்ப வேண்டும் என்று இரவு ஜெபத்தில் அவருக்காகவும் ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொன்னாள். இதெல்லாம் நடக்கும்போது தம்பி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான்.

ஒரு மாதத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தான். வால்வு செய்கிற சின்னக் கம்பெனி. வார்ப்பு இரும்பைத் தூக்கி மெஷினில் ஏற்றி இறக்குகிற வேலை. காலையில் ரயிலில் தொங்கிக்கொண்டு போய், சாயங்காலம் கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு வருவான். ஓடப் போவதில்லை. ஷூவை அம்மா துவைத்துக் காயவைத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். வீட்டில் இப்போது இரண்டு பேர் களைத்துப்போய் வந்தோம், அதுதான் வித்தியாசம்.

இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். மேல் வீட்டு அண்ணன், மகள் முதல் முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழாவுக்குத் தனக்கொரு வெள்ளைச் சட்டை தைக்க வேண்டுமென்று மனைவியோடு வந்தார். அந்த வாரம் மிஷின் ஊசி என் வலது ஆள்காட்டி விரலில் இறங்கி, கட்டுப் போட்டிருந்தேன். எங்கள் தொழிலில் அது சாதாரணம். அவர் கையைத் தூக்கி நின்றார். டேப்பைச் சுற்றினேன், இழுத்தேன். விரலில் சுரீரென்று வலித்தது.

அப்போதுதான் என் விரல்கள் அங்கே இருப்பதைப் பார்த்தேன். டேப்புக்கும் அவர் மார்புக்கும் நடுவில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நான் வைக்கவில்லை, அவையாகப் போய் உட்கார்ந்திருந்தன. சட்டைக்கு அளவெடுக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எடுப்போம். உடம்பை ஒட்டி அளந்து வெட்டினால் போட்டவர் மூச்சுவிட முடியாது, கையைத் தூக்கினால் பட்டன் தெறிக்கும். அதனால் இரண்டு விரல் லூஸ். அப்பாவும் அப்படித்தான் எடுத்தார். ஃபேக்டரியில் மனித உடம்பே எங்கள் முன்னால் வருவதில்லை, துணி மேஜையில் கிடக்கும், அளவுக்கோடு இருக்கும். வீட்டில் ஆள் வந்து நின்றால் மட்டும் அந்த விரல்கள் தானாக உள்ளே போய்விடும். பத்து வருஷமாக அப்படித்தான் போயிருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளிலும்.

அண்ணனிடம் தலை சுற்றுகிறது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் மார்பையே அளந்தேன். விரலோடு ஒரு தரம், விரல் இல்லாமல் ஒரு தரம். வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர். காலண்டரில் எழுபத்தொன்பது என்று அம்மாவின் கையெழுத்து வரிசையாக இருந்தது. மூன்றைக் கழிக்க எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

சென்னீர்குப்பத்து ராணுவக்காரர் சரியாக அளந்திருக்கிறார். தேர்வு மைதானத்தில் நின்ற மனிதரும் சரியாக அளந்திருக்கிறார். தப்பாக அளந்தது நான் ஒருத்தி. வெறும் அளவு தப்பியிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். சரியாகச் சொன்னவரின் சொல்லை நான் வாயால் அடித்துத் தள்ளினேனே, அதுதான் ஆறவில்லை. கையில் ஆறு மாதம் இருந்தது. தேவைப்பட்டது ஒரு சென்டிமீட்டர். சொன்னபடி தண்டால் எடுத்திருந்தால் அந்த ஒன்று வந்திருக்கும். அப்பா வேலையைத்தான் வாங்கிக்கொண்டேன், இதையும் நானே பறித்துவிட்டேன்.

அவனிடம் சொல்ல மூன்று தடவை முயன்றேன். ஒரு தடவை அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஒரு தடவை தூங்கிவிட்டான், மூன்றாவது தடவை எனக்கே தைரியம் வரவில்லை. கடைசியில் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகளே, தெரியாமல் நடந்தது பாவமில்லை, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே என்றார். பாவமாக இருந்தால் மன்னித்து அனுப்பியிருப்பார். பாவமில்லை என்றதும் அதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பதென்று தெரியாமல் திரும்ப வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

போன மாதம் அவன் கம்பெனியில் யூனிஃபார்ம் கொடுத்தார்கள். நீலச் சட்டை, இரண்டு பேர் நுழையலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதைக் கொண்டுவந்து ஆல்டர் பண்ணிக் கொடு என்றான். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அவன் பாட்டுக்கு பனியனோடு ட்யூப்லைட்டுக்குக் கீழே போய் நின்று கையைத் தூக்கிவிட்டான். அந்த இடத்தில் அவன் நின்று எத்தனையோ மாதமாகியிருந்தது.

டேப்பைச் சுற்றினேன். விரல் இரண்டையும் மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். உடம்பை ஒட்டி இழுத்துப் பிடித்தேன். எழுபத்தெட்டு. இரும்பு தூக்கித் தூக்கி வந்த இரண்டு சென்டிமீட்டர். இப்போது போனால் எடுத்துக்கொள்வார்கள், இப்போது போக முடியாது. எண்ணைப் பார்த்தபடியே நின்றேன், டேப்பைத் தளர்த்தக்கூடத் தோன்றவில்லை.

“ரெண்டு விரல் உட்டு அளக்கா,” என்றான். “இப்டி டைட்டா வெச்சா கம்பெனில எப்டி மூச்சு உடறது?”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“கிரவுண்ட்லயே. அந்தாளு ரெண்டாவது தபா அளக்கச் சொல்லோ குனிஞ்சி பார்த்தேன். அவரு கை வெளிய இருந்துச்சு. உன் கை எப்பவும் உள்ள இருக்கும்.”

அப்படியானால் வாசல்படியில் உட்கார்ந்து நான் கத்தியதைக் கேட்டபோதே அவனுக்குத் தெரியும். ஊரெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தபோதும், அம்மா அந்த மனிதருக்காக ஜெபித்தபோதும் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவன் தூக்கிய கையை இறக்காமல் நின்றான். கை வலிக்கிறது, சீக்கிரம் எடு என்று மட்டும் சொன்னான்.

நான் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலையும் உள்ளே விட்டேன். விரலின் பின்பக்கத்தில் அவன் மூச்சு ஏறி இறங்கியது.

அடுப்படியிலிருந்து அம்மா, பழைய பழக்கத்தில், “எவ்வளவுட்டி இருக்கு?” என்று கேட்டாள்.

எண்பத்தொன்று என்றேன். அதில் மூன்று என்னுடையது என்று நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.